எல்எல்சி தொடங்கியதும் வரும் ‘போஸ்டர்’ கடிதம்: செக் எழுதுவதற்கு முன் செய்ய வேண்டியவை

அமெரிக்காவில் ஒரு எல்எல்சி, அதாவது பொறுப்பு வரம்புள்ள கம்பெனி, பதிவு செய்து சில வாரங்கள் ஆகட்டும். தபால்பெட்டியில் ஒரு ஜன்னல் கவர் வந்து விழும். உள்ளே உங்கள் கம்பெனி பெயர், மாநிலம் கொடுத்த பதிவு எண், பதிவான தேதி எல்லாம் சரியாக அச்சாகியிருக்கும். தொழிலாளர் சட்டப் போஸ்டர்களை, அதாவது ஊழியர் உரிமைகளைச் சொல்லும் அறிவிப்புகளை, அலுவலகத்தில் ஒட்டியே ஆக வேண்டும், ஒட்டாவிட்டால் பல்லாயிரம் டாலர் அபராதம், இந்தத் தேதிக்குள் இவ்வளவு பணம் அனுப்புக என்று எழுதியிருக்கும். கீழே கிழித்து அனுப்பத் தோதாக ஒரு ரசீதுத் துண்டு. கேட்கும் தொகை பெரும்பாலும் 80 டாலரிலிருந்து 125 டாலருக்குள் இருக்கும். அபராதத்தோடு ஒப்பிட்டால் சின்னத் தொகைதானே, கட்டித் தொலைத்துவிடலாம் என்று தோன்றும் அளவுக்குத்தான் வைப்பார்கள்.

கட்டாதீர்கள். இந்தப் போஸ்டர்களை அரசு இலவசமாகத் தருகிறது. உங்களிடம் ஊழியர் யாரும் இல்லையென்றால் பெரும்பாலும் எந்தப் போஸ்டருமே தேவையில்லை.

டெக்சஸில் என் சிறிய கன்சல்டிங் எல்எல்சியைப் பதிவு செய்தபோது இப்படி அடுத்தடுத்துக் கடிதங்கள் வந்தன. எது அரசுக் கடிதம், எது வியாபாரக் கடிதம் என்று பிரித்துச் சொல்ல ஆள் கிடைக்கவில்லை. நண்பர்களில் பாதிப் பேர் ‘எல்லாம் டுபாக்கூர், தூக்கிப் போடு’ என்றார்கள்; மீதிப் பேர் ‘எதற்கு வம்பு, கட்டிவிடு’ என்றார்கள். இரண்டுமே ஆபத்தான அறிவுரை. அரசுத் தளங்களைத் தோண்டியும் மாநில அலுவலகங்களுக்குப் போன் செய்தும் நான் தெரிந்துகொண்டதை வரிசையாகத் தருகிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் டெக்சஸிலிருந்து வரும். மற்ற மாநிலங்களில் அலுவலகப் பெயரும் கட்டணமும் மாறும், செய்யும் முறை மாறாது.

1. கடிதத்தில் உள்ள எண்ணுக்குப் போன் செய்யாதீர்கள், க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யாதீர்கள்

முதல் வேலை இதுதான். கடிதம் உண்மையா என்று கடிதம் அனுப்பியவரிடமே கேட்டால் என்ன பதில் வரும்? அப்படிக் கூப்பிட்டால் உங்கள் போன் நம்பரும் அவர்கள் பட்டியலில் ஏறும். பிறகு அழைப்புகளும் தொடங்கும்.

உங்கள் பதிவு எண் கடிதத்தில் இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எல்எல்சி பதிவு பொது ஆவணம். கம்பெனிகளைப் பதிவு செய்யும் மாநில அலுவலகமான செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் அலுவலகத்தில் புதிதாகப் பதிவாகும் கம்பெனிகளின் பெயர், முகவரி, தேதி ஆகியவற்றை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். இந்த வியாபாரிகள் அந்தப் பட்டியலை வைத்துத்தான் கடிதம் அனுப்புகிறார்கள். பதிவு முடிந்த சூட்டோடு கடிதம் வருவதற்கும் அதுதான் காரணம். புதிய முதலாளி எது கட்டாயம், எது இல்லை என்று தெரியாமல் இருக்கும் நேரம் அது.

2. கவரையும் பொடி எழுத்தையும் முழுதாகப் படியுங்கள்

கவரின் மேல் ‘இந்தத் தபாலைத் தடுப்பவருக்கு 2,000 டாலர் அபராதம், 5 ஆண்டு சிறை’ என்ற வரியும் பக்கத்தில் ஒரு சட்டப் பிரிவு எண்ணும் இருந்தால், அது பிறர் தபாலைத் திருடுவது பற்றிய பொதுச் சட்டம். எந்தக் கடிதத்துக்கும் பொருந்தும், உங்கள் அத்தை அனுப்பும் பொங்கல் வாழ்த்துக்கும்கூட. அரசுத் தோற்றம் தருவதற்காக அதை அச்சடிக்கிறார்கள்.

அடுத்து அனுப்புநர் பெயர். தொழிலாளர், இணக்கம், மாநிலம், அலுவலகம் போன்ற சொற்களைக் கோத்து ஒரு பெயர் இருக்கும். முகவரி மாநிலத் தலைநகரில் ஒரு ‘சூட்’ எண்ணாக இருக்கும். பல சமயம் அது வாடகைத் தபால்பெட்டிதான். கழுகுச் சின்னம், பார்கோடு, ‘இறுதி அறிவிப்பு’, ‘பதில் தர வேண்டிய நாள்’ எல்லாம் இருக்கும்.

இப்போது பொடி எழுத்துக்கு வாருங்கள். ஃபெடரல் தபால் சட்டத்தின்படி, ஃபெடரல் அரசு அனுப்பியது போலத் தோன்றும் விற்பனைத் தபாலில் ‘இது அரசு ஆவணம் அல்ல’ என்ற பொருளில் ஒரு வாசகம் இருக்க வேண்டும். பில் போலத் தோன்றும் தபாலில், இது பில் அல்ல, பொருள் வாங்க அழைப்பு மட்டுமே, நீங்கள் ஒப்புக்கொண்டால் ஒழியப் பணம் கட்ட வேண்டிய கடமை இல்லை என்று சொல்லியாக வேண்டும். பல கடிதங்களில் இந்த வரி இருக்கும். பின்பக்கத்திலோ, பத்தி நடுவிலோ, வெளிறிய மையிலோ ஒளிந்திருக்கும். கண்ணாடி போட்டுத் தேடுங்கள். அந்த வரி கிடைத்தால் விஷயம் முடிந்தது.

கிடைக்காவிட்டால்? உடனே அது அரசுக் கடிதம் ஆகிவிடாது. சட்டத்தை மதிக்காதவர்கள் அந்த வரியையும் போடமாட்டார்கள். எனவே கடிதத்தின் முகத்தைப் பார்த்து முடிவு செய்யும் வேலையை இங்கேயே நிறுத்திவிடுங்கள். அது சொல்லும் கடமை உங்களுக்கு உண்மையில் இருக்கிறதா என்பதை மூலத்தில் போய்ப் பார்ப்பதுதான் நம்பகமான வழி.

3. உங்களிடம் ஊழியர் இருக்கிறாரா என்று முதலில் தீர்மானியுங்கள்

போஸ்டர் சட்டங்கள் முதலாளி–ஊழியர் உறவுக்கானவை. நீங்கள் மட்டும், அல்லது நீங்களும் உங்கள் துணைவரும் மட்டும் உறுப்பினர்களாக இருந்து லாபத்தை எடுத்துக்கொள்ளும் எல்எல்சியில் ஊழியர் கிடையாது. யாருக்கு அறிவிப்பு ஒட்டுவீர்கள்? வீட்டு அறையில் உட்கார்ந்து கன்சல்டிங் செய்பவர், ஆன்லைனில் புடவை விற்பவர், சனிக்கிழமைகளில் பரதநாட்டிய வகுப்பு எடுப்பவர், வாடகை வீட்டை எல்எல்சி பெயரில் வைத்திருப்பவர் என்று நம்மவர்களில் பெரும்பாலோர் இந்த ரகம்தான். உங்களுக்கு இந்தக் கடிதம் நேராகக் குப்பைக்குப் போகலாம். புகார் செய்ய விரும்பினால் மட்டும் 9-ஆம் படி வரை வைத்திருங்கள்.

இரண்டு இடங்களில் நின்று யோசியுங்கள். ஒன்று, உங்கள் எல்எல்சி எஸ்-கார்ப் (ஒரு வகைக் கம்பெனி வரி முறை) ஆக வரி கட்டத் தேர்வு செய்து, நீங்களே ஊழியருக்குரிய டபிள்யூ-2 சம்பளம் எடுக்கிறீர்கள் என்றால், சம்பளப் பட்டியல் என்று ஒன்று இருக்கிறது, நீங்களே ஊழியராகக் கருதப்படலாம். உங்கள் கணக்காளரிடம் (சிபிஏ) ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு, வேலைக்கு வருபவரை 1099 கான்ட்ராக்டர், அதாவது ஊழியர் அல்லாத ஒப்பந்தக்காரர், என்று எழுதிவிட்டால் மட்டும் அவர் கான்ட்ராக்டர் ஆகிவிட மாட்டார். உங்கள் கடையில், நீங்கள் சொல்லும் நேரத்தில், நீங்கள் சொல்லும் முறையில் வேலை செய்பவரைச் சட்டம் ஊழியராகவே பார்க்கக்கூடும். அங்கே போஸ்டரைவிடப் பெரிய தலைவலிகள் காத்திருக்கின்றன.

4. ஊழியர் இருந்தால்: ஃபெடரல் போஸ்டர்களை இலவசமாக எடுங்கள்

செலவு: சுழியம். நேரம்: ஒரு மாலைப் பொழுதுகூட ஆகாது.

ஃபெடரல் தொழிலாளர் துறையின் தளத்துக்கு நேராகப் போங்கள். தேடுபொறியில் போஸ்டர் என்று தட்டினால் முதலில் வருவது விளம்பரங்களாக இருக்கும். முகவரி ‘டாட் கவ்’ என்று முடிகிறதா என்று பார்த்து உள்ளே நுழையுங்கள். அங்கே ‘ஃபர்ஸ்ட்ஸ்டெப் போஸ்டர் அட்வைசர்’ என்றொரு வசதி இருக்கிறது. எத்தனை ஊழியர்கள், என்ன தொழில், ஆண்டு வரவு எவ்வளவு, ஃபெடரல் கான்ட்ராக்ட் உண்டா என்று வரிசையாகக் கேட்கும். பதில் சொல்லி முடித்தால் உங்களுக்குத் தேவையான போஸ்டர்களின் பட்டியல், தரவிறக்கும் இணைப்போடு வரும். உங்கள் பெயரோ கார்டு எண்ணோ கேட்காது.

பொதுவாக வரும் பட்டியல் இப்படி இருக்கும். குறைந்தபட்ச ஊதியம் பற்றிய போஸ்டரும், ‘ஓஷா’ எனப்படும் பணியிடப் பாதுகாப்பு அமைப்பின் போஸ்டரும், ஊழியரைப் பொய் கண்டறியும் கருவியில் சோதிக்கக் கூடாது என்ற போஸ்டரும் ஏறத்தாழ எல்லாத் தனியார் முதலாளிகளுக்கும் உரியவை. ராணுவச் சேவைக்குப் போய்த் திரும்புபவர்களின் உரிமை பற்றிய அறிவிப்பையும் ஊழியர்களுக்குத் தர வேண்டும். அதைப் போஸ்டராக ஒட்டினாலே போதும். பாகுபாடு எதிர்ப்புப் போஸ்டர் 15 ஊழியர்கள் இருந்தால் வரும். குடும்ப, மருத்துவ விடுப்புப் போஸ்டர் 50 பேர் இருந்தால்தான். இரண்டு பேரை வைத்து இட்லி மாவு அரைத்து விற்கும் கடைக்கு இந்தக் கடைசி இரண்டும் வேண்டியதில்லை. ஆனால் விற்பனைக் கடிதம் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் மிரட்டும்.

அபராதம் பற்றியும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், பயம் அங்கேதான் பிறக்கிறது. குறைந்தபட்ச ஊதியப் போஸ்டரை ஒட்டாததற்கு என்று தனி அபராதமே இல்லை என்று தொழிலாளர் துறையே தன் பட்டியலில் எழுதி வைத்திருக்கிறது. ராணுவச் சேவை அறிவிப்புக்கும் அப்படியே. ஓஷா போஸ்டருக்கு அபராதம் உண்டு. 2025 கணக்கில் உச்சவரம்பு 16,550 டாலர். பொய் கண்டறிதல் போஸ்டருக்கும் உண்டு. விற்பனைக் கடிதத்தில் அச்சாகும் மிரட்டல் தொகை, பெரும்பாலும் இப்படி ஒவ்வொரு சட்டத்தின் உச்சவரம்பையும் கூட்டிப்போட்ட தொகை. அந்தச் சட்டம் உங்களுக்குப் பொருந்துமா, உச்சவரம்பு எப்போது விதிக்கப்படும் என்பதை அது சொல்லாது. அபராதம் கேட்பதாக இருந்தாலும் அரசு கேட்கும். போஸ்டர் விற்பவருக்கு அந்த அதிகாரம் இல்லை.

ஒரு சிறு எச்சரிக்கை: ஓஷாவில் 10 பேர் அல்லது அதற்குக் குறைவான ஊழியர்கள் இருந்தால் விலக்கு உண்டு என்று சிலர் சொல்வார்கள். அந்த விலக்கு காயங்களைப் பதிவேட்டில் எழுதுவதற்கு. போஸ்டர் ஒட்டுவதற்கு இல்லை.

5. மாநிலப் போஸ்டர்களையும் எடுங்கள்

பலர் ஃபெடரல் போஸ்டரோடு நின்றுவிடுகிறார்கள். மாநிலத்துக்கும் தனிப் பட்டியல் உண்டு, அதுவும் இலவசம்தான்.

டெக்சஸில் ‘டெக்சஸ் வொர்க்ஃபோர்ஸ் கமிஷன்’ தளத்தில் கிடைக்கும். சம்பள நாள் சட்டப் போஸ்டரும் வேலையிழப்புக் காப்பீட்டுப் போஸ்டரும் அடிப்படை. 2023-ல் வந்த சட்டத்தின்படி, பணியிட வன்முறையை எங்கே புகார் செய்யலாம் என்ற அறிவிப்பையும் ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் ஒட்ட வேண்டும். பழைய போஸ்டரை ஒட்டிவிட்டு மறந்தவர்கள் இதைத் தவறவிட்டிருப்பார்கள். பணிக்காயக் காப்பீடு விஷயத்தில் டெக்சஸ் தனி ரகம்: தனியார் முதலாளி அதை எடுக்கலாம், எடுக்காமலும் இருக்கலாம். ஆனால் எடுத்தால் நோட்டீஸ் 6, எடுக்காவிட்டால் நோட்டீஸ் 5 ஒட்ட வேண்டும். இவை மாநிலக் காப்பீட்டுத் துறையின் தளத்தில் இருக்கும். காப்பீடு எடுக்காதவர் துறைக்கும் ஒரு படிவம் அனுப்ப வேண்டும். விற்பனைக் கடிதம் எதுவும் இதைச் சொல்லித் தராது.

கலிபோர்னியாவில் பட்டியல் நீளம்; அந்த மாநிலத்துக்கே சொந்தப் பாதுகாப்பு அமைப்பு இருப்பதால் ஃபெடரல் ஓஷா போஸ்டருக்குப் பதில் மாநிலப் போஸ்டர் வரும். நியூஜெர்சியில் மாநிலத் தொழிலாளர் துறையே எல்லாவற்றையும் தொகுத்து வைத்திருக்கிறது. சில நகரங்களுக்கும் தனிக் குறைந்தபட்ச ஊதியமும் தனிப் போஸ்டரும் உண்டு, நகராட்சித் தளத்தையும் ஒருமுறை பாருங்கள்.

6. அச்சடித்து ஒட்டுங்கள்

ஓஷா போஸ்டரை நாமே அச்சடித்தால் தாள் குறைந்தது 8.5 அங்குலம் அகலம், 14 அங்குலம் நீளம் இருக்க வேண்டும், எழுத்து 10 பாயிண்ட். அதாவது லீகல் சைஸ் தாள். வீட்டுப் பிரிண்டரில் லெட்டர் தாளில் சுருக்கி அடித்தால் செல்லாது. தபால்–ஜெராக்ஸ் கடையிலோ, ஊர் நூலகத்திலோ லீகல் தாளில் அடித்துக்கொள்ளுங்கள், சில்லறைக் காசுதான். ஓஷா கேட்பவர்களுக்கு அச்சடித்த போஸ்டரை இலவசமாகத் தபாலிலும் அனுப்புகிறது.

ஊழியர்கள் தினமும் பார்க்கும் இடத்தில் ஒட்டுங்கள்: பின்வாசல், சாப்பிடும் அறை, டைம் கார்டு அடிக்கும் இடம். முதலாளியின் அறைக்குள்ளோ ஸ்டோர் ரூம் கதவுக்குப் பின்னாலோ ஒட்டினால் ஒட்டாததற்குச் சமம்.

ஐடி கன்சல்டிங் நடத்துபவர்கள் கேட்கும் கேள்வி: எல்லோரும் வீட்டிலிருந்து வேலை செய்கிறார்கள், எங்கே ஒட்டுவது? 2020 டிசம்பரில் தொழிலாளர் துறை இதற்கு விளக்கம் கொடுத்தது. எல்லா ஊழியர்களும் முழுக்க வீட்டிலிருந்தே வேலை செய்து, கம்பெனித் தகவல்களை வழக்கமாக மின்வழியில் பெற்று, எந்நேரமும் யாரையும் கேட்காமல் போஸ்டர் உள்ள பக்கத்தைத் திறக்க முடிந்தால், கம்பெனியின் உள்தளத்தில் போட்டாலே போதும். பாதிப் பேர் அலுவலகம் வருகிறார்கள் என்றால் சுவரிலும் வேண்டும். உள்தளத்தில் எங்கே இருக்கிறது என்று ஊழியருக்குச் சொல்லாமல் ஒரு மூலையில் போட்டு வைத்தால் கணக்கில் வராது.

எல்லாவற்றையும் ஒரே பெரிய அட்டையாக, பிளாஸ்டிக் உறையிட்டு விற்கும் நேர்மையான கடைகளும் இருக்கின்றன. அலுவலகப் பொருள் கடையில் விலை பார்த்து, தெரிந்தே வாங்கினால் அதில் தப்பில்லை. சமையலறை உள்ள உணவகத்துக்கு ஈரம் படாத அட்டை வசதிதான். என் கோபம் அரசு வேஷம் போட்டு விற்பவர்கள் மேல்தான்.

ஆண்டுக்கு ஒருமுறை, ஜனவரியில் வைத்துக்கொள்ளுங்கள், அதே தளங்களைத் திறந்து போஸ்டரின் தேதி மாறியிருக்கிறதா என்று பாருங்கள். ‘சட்டம் மாறிவிட்டது, உடனே புதிய அட்டை வாங்கு’ என்று வருடாவருடம் வரும் கடிதத்துக்கு இதுவே பதில்.

7. இதே ஜாடையில் வரும் மற்றக் கடிதங்கள்

போஸ்டர் கடிதம் தனியாக வராது. அதன் உடன்பிறப்புகள் இவை.

‘ஆண்டுக் கூட்டக் குறிப்பு’ படிவம்: உறுப்பினர் பெயர்களை நிரப்பி 125 டாலர் அனுப்பச் சொல்லும். டெக்சஸ் எல்எல்சி ஆண்டுக் கூட்டம் நடத்த வேண்டும் என்ற சட்டக் கட்டாயமே இல்லை. இந்த ரகக் கடிதங்களை ஏறத்தாழ 79 ஆயிரம் அனுப்பிய ஒரு நிறுவனத்தின் மேல் வாஷிங்டன் மாநில அட்டர்னி ஜெனரல் வழக்குப் போட்டார். பொடி எழுத்தில் ‘அரசு அல்ல’ என்று இருந்தும், மொத்தத் தோற்றம் ஏமாற்றுகிறது என்ற தீர்ப்பை 2017-ல் அந்த மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதி செய்தது.

‘நிலைச் சான்றிதழ்’ வாங்கச் சொல்லும் கடிதம்: வங்கியோ வாடிக்கையாளரோ கேட்டால் மட்டுமே இது தேவைப்படும். டெக்சஸில் செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் அலுவலகத்தில் நேராக வாங்கினால் 15 டாலர். கடிதம் கேட்பது பல மடங்கு.

‘ஆண்டு அறிக்கை’ கட்டணம்: இங்கே கவனம், இது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சஸில் செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்டுக்கு ஆண்டு அறிக்கை என்று ஒன்று இல்லை. நியூஜெர்சியில் உண்டு, 75 டாலர். ஃப்ளோரிடாவில் எல்எல்சிக்கு 138.75 டாலர், மே 1-க்குள் கட்டாவிட்டால் 400 டாலர் தாமதக் கட்டணம். கலிபோர்னியாவில் எல்எல்சி இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தகவல் அறிக்கை தர வேண்டும், 20 டாலர். கடமை உண்மை, ஆனால் கடிதம் இடைத்தரகருடையது என்ற கலவை இங்கே நிறைய. கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு மாநிலத் தளத்தில் நேராகக் கட்டுங்கள். ஃப்ளோரிடாவின் அரசுத் தளமான ‘சன்பிஸ்’, ‘டாட் ஆர்க்’ என்று முடியும். ‘டாட் கவ்’ இல்லையே என்று பயப்பட வேண்டாம்.

உரிமையாளர் தகவல் அறிக்கை, அதாவது பிஓஐ: 2024-ல் கட்டாயமாகி, 2025 மார்ச்சில் அமெரிக்காவில் பதிவான கம்பெனிகளுக்கு முழுவதும் விலக்கப்பட்டது. கட்டாயமாக இருந்தபோதும் அதற்குக் கட்டணம் கிடையாது. இன்னமும் ‘படிவம் 4022’ என்றோ ‘படிவம் 5102’ என்றோ பணம் கேட்டு வந்தால் அது மோசடி. அதை நடத்தும் ஃபெடரல் நிதித்துறையின் ஃபின்சென் அமைப்பே எச்சரித்திருக்கிறது.

வீடு வாங்கியவர்களுக்கு: கிரயப் பத்திரத்தின் நகல் வேண்டுமானால் 100 டாலருக்கு மேல் அனுப்பு என்று வரும். கவுன்டி கிளார்க் அலுவலகத்தில் சில டாலர்தான், மூலப்பத்திரமோ பதிவானதும் எப்படியும் உங்களுக்கு வந்துவிடும்.

8. இவற்றைத் தூக்கி எறியாதீர்கள்

இதுதான் எனக்குப் பெரிய கவலை. நாலைந்து போலிக் கடிதங்களைப் பார்த்துச் சலித்தவர், அடுத்து வரும் உண்மைக் கடிதத்தையும் குப்பையில் போடுகிறார்.

ஃபெடரல் வரித் துறையான ஐஆர்எஸ் அனுப்பும் சிபி 575 என்ற கடிதம், கம்பெனியின் வரி அடையாள எண்ணான ஈஐஎன் எண்ணுக்கான உறுதிச் சான்று. வங்கிக் கணக்கு திறக்கக் கேட்பார்கள். அதை மறுபடி அச்சடித்துத் தரமாட்டார்கள், வேறொரு கடிதம்தான் கேட்டு வாங்க வேண்டும். பத்திரமாக வையுங்கள்.

மாநில வரி அலுவலகமான டெக்சஸ் கம்ப்ட்ரோலர் அலுவலகத்திலிருந்து வரும் ஃபிரான்சைஸ் வரிக் (மாநிலத்தில் தொழில் செய்வதற்கான வரி) கடிதத்தில், ஆன்லைனில் அறிக்கை போடுவதற்கான ‘வெப்ஃபைல்’ எண் இருக்கும். அது இல்லாமல் மே 15-க்குள் அறிக்கை போடுவது சிரமம். 2024, 2025 அறிக்கைகளுக்கு 24 லட்சத்து 70 ஆயிரம் டாலர் வரவுக்குக் கீழே இருந்தால் வரி இல்லை. ஆனால் கம்பெனியின் பொதுத் தகவல் அறிக்கையைக் கட்டாயம் போட வேண்டும். கட்டணம் இல்லை. முதல் அறிக்கை, பதிவு செய்ததற்கு அடுத்த ஆண்டு மே 15. போடாமலே விட்டால் எல்எல்சி தொழில் செய்யும் உரிமையே பறிபோகும்.

சென்சஸ் பீரோவின் தொழில் கணக்கெடுப்புக் கடிதமும் உண்மையாக இருக்கலாம். இண்டியானாவின் ஜெஃபர்சன்வில் முகவரியிலிருந்து வரும், பணம் கேட்காது.

ஊழியர் வைத்தவர்களுக்கு டெக்சஸ் வொர்க்ஃபோர்ஸ் கமிஷன் கடிதமும் வரும். ஒரு காலாண்டில் மொத்தச் சம்பளம் 1,500 டாலரைத் தொட்டாலே வேலையிழப்பு வரிக்கு 10 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். புதிதாக ஒருவரைச் சேர்த்தால் 20 நாளுக்குள் மாநிலத்துக்குத் தெரிவிக்க வேண்டும். போஸ்டர் கடிதத்தால் வரும் பதற்றத்தில் இந்தத் தேதிகளைக் கோட்டை விடாதீர்கள்.

சந்தேகம் இருந்தால் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்த அலுவலகத்தின் தளத்தை நீங்களாகவே தட்டித் திறந்து, அதிலுள்ள எண்ணுக்குப் போன் செய்யுங்கள். கடித எண்ணைச் சொன்னால் அவர்கள் அனுப்பியதா இல்லையா என்று சொல்லிவிடுவார்கள். காலை எட்டு மணிக்குக் கூப்பிட்டால் காத்திருப்பு குறைவு.

9. ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால்

செக் இன்னும் பணமாகவில்லை என்றால் வங்கியில் ‘ஸ்டாப் பேமென்ட்’ போடுங்கள். அதற்கு வங்கி 30 டாலர் சுமாருக்குக் கட்டணம் கேட்கலாம். பல வங்கிகளில் ஆப்பில் செய்தால் குறையும். கார்டில் கட்டியிருந்தால் வங்கியைக் கூப்பிட்டு, அரசுக் கடிதம் என்று நம்ப வைத்து வாங்கிய பணம் என்று சொல்லித் தகராறு பதிவு செய்யுங்கள். ஸ்டேட்மென்ட் வந்த 60 நாளுக்குள் செய்துவிடுவது நல்லது. கம்பெனி கார்டுகளுக்கு வங்கியின் சொந்த விதிகள் இருக்கும், கேட்டுப் பாருங்கள். அதோடு அனுப்பியவருக்கும் பணம் திரும்பக் கேட்டு எழுத்தில் ஒரு கடிதம். அட்டர்னி ஜெனரலுக்குப் புகார் அனுப்பியிருக்கிறேன் என்ற ஒரு வரியைச் சேருங்கள். சண்டையை வளர்ப்பதைவிடத் திருப்பிக் கொடுப்பது மேல் என்று நினைப்பவர்கள் உண்டு.

நீங்கள் ஆர்டரே செய்யாமல் போஸ்டர் உருளையும் பில்லும் வந்தால், ஃபெடரல் சட்டப்படி அது உங்களுக்கு வந்த இலவசப் பொருள். திருப்பி அனுப்ப வேண்டாம், பணமும் தர வேண்டாம்.

புகார் செய்ய மூன்று இடங்கள்: அமெரிக்கத் தபால் துறையின் ஆய்வுப் பிரிவான போஸ்டல் இன்ஸ்பெக்‌ஷன் சர்வீஸ், ஃபெடரல் டிரேட் கமிஷனின் ‘ரிப்போர்ட் ஃபிராட்’ தளம், உங்கள் மாநில அட்டர்னி ஜெனரலின் நுகர்வோர் பிரிவு. மூன்றும் ஆன்லைன், கட்டணம் இல்லை. பணம் கட்டாதவரும் புகார் செய்யலாம். 2024 ஏப்ரல் 1 முதல் அரசு போல நடித்து ஏமாற்றுவதைத் தடை செய்யும் டிரேட் கமிஷன் விதி நடைமுறையில் இருக்கிறது.

கையில் தயாராக வைக்க வேண்டியவை: கவர், கடிதத்தின் இரு பக்கம், ரசீதுத் துண்டு, பணம் அனுப்புவதற்காக உள்ளே வைத்திருந்த கவர், உங்கள் எல்எல்சி பதிவான தேதி, பணம் அனுப்பியிருந்தால் செக்கின் படம். கவரைக் கிழிக்காமல் பிரியுங்கள். எங்கிருந்து, எந்த வகைத் தபாலாக அனுப்பினார்கள் என்பது அதில்தான் இருக்கிறது. கடிதத்தை மட்டும் ஸ்கேன் செய்துவிட்டுக் கவரை எறிந்துவிடாதீர்கள், புகாருக்கு அதுவும் சான்று.